அணஞ்சபெருமாள் காரின் ஒழுக்கு

அணஞ்சபெருமாள் செத்து ஐந்தாறு மாதம் கழித்து, ஐப்பசி மழை இன்றைக்கோ நாளைக்கோ என்று இருந்த ஒரு காலையில், அவருடைய பழைய வாடகைக் காரின் அடியிலிருந்து சொட்டிய என்ஜின் ஆயில் ‘ம்’ கொட்ட ஆரம்பித்தது. அதை முதலில் கேட்டவள் பால்காரி முத்துப்பேச்சி. அவள் தன் செவலை மாடு கழிந்துகொண்டு கிடக்கிற கதையை அணஞ்சபெருமாளின் பெண்டாட்டி ஆவுடையம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள், ஆவுடை காதில் எதையும் வாங்காமல் செம்பை நீட்டிக்கொண்டு நின்றாள், “அந்தச் சவம் புண்ணாக்கக்கூட மோந்து பாக்க மாட்டேங்கு” என்று முத்துப்பேச்சி மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், வாசலில் நின்ற காரின் வயிற்றுக்கடியில் வைத்திருந்த தகரத் தட்டில் ஒரு சொட்டு விழுந்தது. விழுந்த சத்தம் தகரத்தின் சத்தமாக இல்லை. வாயைத் திறக்காமல் மூக்கால் விடுகிற ஒரு ‘ம்’ அது.

முத்துப்பேச்சிக்கு நின்று ஆச்சரியப்பட நேரமில்லை, இன்னும் தெருவில் பாதி வீட்டுக்குப் பால் ஊற்ற வேண்டும். யாரோ கேட்கிறார்கள் என்ற தெம்பில் மாட்டாஸ்பத்திரியில் கொடுத்த மருந்தைப் பற்றிச் சொன்னாள், அதற்கும் ஒரு சொட்டு விழுந்து ‘ம்’ என்றது. மருந்துக்கு அலைந்த கதையில் புருஷன் கூட வராததையும் சேர்த்துச் சொன்னாள், அதற்கும் விழுந்தது. “அண்ணாச்சி மட்டும் மாறவே இல்ல, யக்கா” என்று சொல்லிவிட்டு, பல நாளாக இறங்காத பாரம் ஒன்று இறங்கியவளாகத் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். ஆவுடை மட்டும் செம்போடு நின்றாள். அவளுக்கு அந்த ‘ம்’மைத் தெரியும், இருபத்தாறு வருஷம் அதோடு குடித்தனம் நடத்தியவள். பாலைக் காய்ச்சாமலே அடுப்படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நொச்சிக்குளம் பஜாரில் கார் ஸ்டாண்டு என்ற ஒன்று இருந்த காலம் முழுக்க அணஞ்சபெருமாள் அங்கே இருந்தார். கல்யாணத்துக்குப் பெண்ணழைத்துப் போனது, பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனது, சாரல் சீசனில் குற்றாலத்துக்குக் கூட்டம் கூட்டமாக ஏற்றிப் போனது எல்லாம் அவர்தான். புதுசு புதுசாக வண்டிகள் வந்த பிறகும் ஊரார் அவருடைய ஓட்டைக் காரையே தேடி வந்ததற்கு ஒரே காரணம், அதில் ஏறி உட்கார்ந்தால் மனசில் இருப்பதையெல்லாம் சொல்லலாம், அவர் ரோட்டைப் பார்த்தபடி ‘ம்’ கொட்டுவார் என்பதுதான். அந்த ‘ம்’ சரி என்றும் இராது, தப்பு என்றும் இராது. புத்தி சொல்லாது, துருவிக் கேட்காது, இறங்கின பிறகு இன்னொருவரிடம் போய்ச் சொல்லாது. ஊர் அந்த ‘ம்’மில் நனைந்து குளிர்ந்தது.

அதே ‘ம்’மில்தான் ஆவுடை காய்ந்து போனாள். பெண் பார்க்க வந்தபோது பிடித்திருக்கிறதா என்று கேட்டதற்கு அவர் ‘ம்’ என்றார், பிள்ளை பிறக்காது என்று டாக்டர் சொன்னபோதும் ‘ம்’ என்றார், குழம்பில் உப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ‘ம்’தான். அவள் சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். பேசாமல் இருந்த நாட்களில் அவருக்கு அந்த ஒரு எழுத்துச் செலவும் மிச்சம்.

பேசாத மனுஷனுக்கு வாய்த்த கார் வாய் ஓயாமல் ஒழுகுகிற கார். நின்ற இடமெல்லாம் கறுப்பாக வட்டம் போட்டுவிட்டுத்தான் கிளம்பும், கல்யாண வீட்டுக் கோலத்தின் மேல் ஒழுகி ஏச்சு வாங்கியிருக்கிறது, கோயில் வாசலில் ஒழுகிக் கழுவிவிட வைத்திருக்கிறது. அணஞ்சபெருமாள் அதற்குப் பார்க்காத வைத்தியமில்லை. கெட்டி ஆயில் ஊற்றினார், கசியும் இடத்தில் சோப்பை அப்பினார், கையில் கிடைத்த ஸ்பேனரால் எல்லா போல்ட்டையும் இறுக்கினார், எதற்கும் அடங்காததால் கடைசியில் பழைய பிஸ்கட் டின்னை வெட்டித் தட்டாக்கி அடியில் வைத்துவிட்டு, சாயங்காலம் சாயங்காலம் கிழிந்த பனியனும் மண்ணெண்ணெயுமாகக் காருக்கடியில் படுத்துத் துடைப்பதை ஒரு விரதம் போலச் செய்துவந்தார்.

அவர் சாவதற்கு முந்தின சாயங்காலமும் அப்படித்தான் படுத்திருந்தார். ஆவுடை என்னவோ கேட்டாள், ரேஷன் கடைக்குப் போக வேண்டிய விஷயம், அதற்கு ‘ம்’ என்றார். போவீர்களா மாட்டீர்களா என்றாள், அதற்கும் ‘ம்’ என்றார். அன்றைக்கு அவளுக்குத் தாங்கவில்லை. காருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவருடைய கால்களைப் பார்த்து அவள் சொன்னாள்: “உங்களக் கட்டுனதுக்கு நான் ஒத்தையாவே இருந்திருக்கலாம். உங்களுக்கும் நான் இல்லாம இருந்திருந்தாதான் நிம்மதி. அப்படித்தான?”

காருக்கடியிலிருந்து “ம்” என்று வந்தது.

மறுநாள் மத்தியானம் ஸ்டாண்டில், டிரைவர் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபடியே போய்விட்டார். சவாரிக்கு வந்தவர் பின்சீட்டில் ஏறித் தன் மருமகனைப் பற்றிப் பாதிக் கதை சொன்ன பிறகுதான் ‘ம்’ வரவில்லை என்று எட்டிப் பார்த்தாராம். ஊர் அழுதது, ஆவுடையும் அழுதாள். ஆனால் அவள் அழுகைக்குள் ஒரு முள் இருந்தது. அந்த ‘ம்’ மனசார ஒத்துக்கொண்டு சொன்ன ‘ம்’மா, காதில் விழாமலே சொன்ன வெறும் ‘ம்’மா? ஒத்துக்கொண்டு சொன்னது என்றால் இருபத்தாறு வருஷமும் பொய். விழாமல் சொன்னது என்றால் அவள் வாயிலிருந்து போன கடைசிப் பேச்சுகூட அவரிடம் போய்ச் சேரவில்லை. இரண்டில் எது என்று சொல்ல ஆளில்லாமல் அவள் தினமும் அந்த முள்ளோடு எழுந்து அந்த முள்ளோடு படுத்தாள்.

கருமாதிக்கு அவருடைய தம்பி திரவியம், உரக்கடை வைத்திருக்கிறவன், அண்ணனுக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது என்று தடித்த அட்டையில் கறுப்புக் கரை போட்டு, அண்ணன் படத்தோடு பத்திரிகை அடித்தான், அதையும் தாராளமாக அடித்துவிட்டான். கருமாதிப் பத்திரிகையை யாரும் வீட்டுக்குள் வைத்துக்கொள்வதில்லை, படித்துவிட்டு வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள். மிஞ்சினதை ஆற்றில் விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் போனவர் போய்ச் சேர மாட்டார் என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. மிஞ்சின கட்டைத் திரவியம் ஆவுடையிடம்தான் கொடுத்தான். அவள் ஆற்றங்கரை வரை கொண்டு போனாள். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவர் பெயர் முழுசாக அச்சானது இதில்தான் என்று நினைத்தாளோ என்னவோ, தண்ணீரில் போட மனசு வராமல் திரும்பக் கொண்டுவந்து கார் டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் வைத்துவிட்டாள். வீட்டுக்குள் வைத்தால்தானே தோஷம் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம்.

ஓடாமல் நின்றால் ஒழுக்கு நிற்கும் என்று பார்த்தால், கார் முன்னைவிட அதிகமாக ஒழுகியது. தெரு சரிவில் ஆயில் வழிந்து இரண்டு பேர் வழுக்கி விழுந்த பிறகு, ஆவுடை மெக்கானிக் மைதீன் பிச்சையை வரச் சொன்னாள். மைதீன் காரை முட்டுக் கொடுத்துத் தூக்கி, என்ஜினை மண்ணெண்ணெய் போட்டுச் சுத்தமாகத் துடைத்து, “மொகத்துக்குப் போடுத பவுடர் இருந்தா எடுத்துட்டு வாங்க, தங்கச்சி” என்று வாங்கி என்ஜின் மேலெல்லாம் தூவி, ஓடவிட்டுவிட்டு உட்கார்ந்து பீடி குடித்தார். சற்று நேரத்தில் வெள்ளை வெளேரென்று இருந்த என்ஜினின் விலாப்பக்கத்தில், உள்ளங்கை அகலமுள்ள ஒரு சின்ன மூடியின் ஓரத்திலிருந்து, கறுப்பாக ஒரு கோடு இறங்கியது.

“பாத்தியளா” என்றார் மைதீன், காருக்கடியில் படுத்தபடி. “ஒழுகுது ஒழுகுதுன்னு இந்த போல்ட்டப் போட்டு இறுக்கியிருக்காவ. இறுக்க இறுக்க மூடி வளையும், வளைய வளைய ஒழுகும். இன்னொண்ணு, மூச்சுக் குழா அடைச்சுக் கெடக்கு. உள்ள முட்டுத காத்துக்கு வெளிய போக வழி இல்லன்னா, அது இப்படித்தான் சந்து பாத்து வரும்.”

ஆவுடைக்கு இது காரைப் பற்றிய பேச்சாகத் தோன்றவில்லை.

“மூடியத் தட்டி நேராக்கிருதேன். மூடிக்கு அடியில வைக்குத பேக்கிங்தான் இந்த மாடலுக்குக் கெடைக்காது, மதுரைக்குச் சொல்லி விடணும், என்னைக்கு வருமோ. இப்பத்திக்குக் கெட்டி அட்டை ஏதும் இருந்தாக் குடுங்க, அளவுக்கு வெட்டி வச்சு விடுதேன்.”

வீட்டில் காலண்டர் அட்டை இருந்தது, மிட்டாய்ப் பெட்டி இருந்தது. ஆவுடை டிக்கியைத் திறந்து ஒரு பத்திரிகையை உருவி, காருக்கடியிலிருந்து நீண்ட கையில் வைத்தாள். கை உள்ளே போனது. அட்டையோடு மறுபடி வெளியே வந்தது.

“வேற இல்லியாம்மா?”

“இல்ல, அண்ணாச்சி.”

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு அவள் எவ்வளவோ யோசித்தும் விடை கிடைக்கவில்லை. மைதீனும் எழுந்து வந்து மறுத்திருக்கலாம். ஆனால் மழை மேகம் இறங்கிக்கொண்டிருந்தது, பட்டறையில் இரண்டு வண்டி காத்திருந்தது. படம் உள்பக்கம் போகிற மாதிரி வைத்து வெட்டி, பசை தடவி, மூடியைப் போட்டு, இந்தத் தடவை அளவாக இறுக்கிவிட்டுப் போனார். மூச்சுக் குழாயையும் ஊதிச் சுத்தம் செய்தார். ஒழுக்கு அன்றைக்கே நின்றுவிட்டது. மறுநாள் காலை முத்துப்பேச்சி வந்து மாட்டுக் கதை சொல்லும் வரைக்கும் நின்றிருந்தது.

பிறகு ஊர் வந்தது. ஒன்றும் திருவிழாக் கூட்டமாக வரவில்லை, ஒவ்வொருவராக, கடைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறவர்களாக வந்தார்கள். காரின் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, “அண்ணாச்சி, நான்தான்” என்று ஆரம்பித்தார்கள். பேசினால் சொட்டும், நிறுத்தினால் நிற்கும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் சொட்டு குழம்பி நூல் மாதிரி வழியும் என்று தெரிந்துகொண்டு வரிசை போட்டார்கள். அவசரமாகப் பேசக் கூடாது, சொல்லிவிட்டு மூச்சு விட இடம் கொடுக்க வேண்டும் என்று வந்து பழகியவர்கள் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சொட்டச் சொட்ட ஆயில் குறையுமே என்று ஆளுக்கொரு பாக்கெட் என்ஜின் ஆயில் கொண்டுவந்து கண்ணாடியில் தொங்கவிட்டுப் போனார்கள், முக்குப் பெட்டிக்கடைக்காரர் அதைப் பார்த்து மிக்சர் பொட்டலத்துக்கும் ஷாம்புச் சரத்துக்கும் நடுவில் ஆயில் பாக்கெட்டையும் கட்டித் தொங்கவிட்டார். தட்டில் சேர்ந்ததை எடுத்துப் போய்க் கதவுக் கீலுக்குப் போட்டவர்கள், அதற்குப் பிறகு கதவு முனகுவதே இல்லை என்றார்கள்.

பொதுச் சுவருக்காக வெட்டுக்குத்து வரை போன அண்ணன் தம்பி இருவரும் தனித்தனியாக வந்து முறையிட்டார்கள், இருவருக்கும் ‘ம்’ விழுந்தது, பெருமாளண்ணாச்சி என் பக்கம்தான் என்று இருவரும் நிறைந்த மனசோடு திரும்பிப் போய் வழக்கை இன்னும் உற்சாகமாக நடத்தினார்கள். தேர்தலில் நிற்கிற ஒருவர் தன் வாக்குறுதிகளை ஒவ்வொன்றாகச் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ‘ம்’ வாங்கிக்கொண்டு, கார் தனக்கு ஆதரவு என்று மைக்கில் அறிவித்தார். எதிர்த்து நின்றவர்களும் அன்று மாலையே வந்து அதே ஆதரவை வாங்கிப் போனார்கள். பொய் சொன்னாலும் விழும், மெய் சொன்னாலும் விழும். அதனால்தான் ஊருக்கு அதை அவ்வளவு பிடித்தது.

ஆவுடை மட்டும் அதனிடம் ஒரு சொல் பேசவில்லை. காலையில் வந்து ஆயில் அளவைக் குச்சியை உருவிப் பார்ப்பாள், குறைந்ததை ஊற்றுவாள், தட்டைத் துடைத்து வைப்பாள், உதட்டை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். பிறகு கொல்லைப்புற வழியாகத்தான் போக்குவரத்து. “நீங்க ஒண்ணும் பேசலியா, யக்கா?” என்று முத்துப்பேச்சி ஒருநாள் கேட்டதற்கு, “பேசுனதுக்கு என்ன சொன்னாவன்னு எனக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னாள். பயம் அதுதான். கேட்டால் ‘ம்’ என்றுதான் வரும். எதைக் கேட்டாலும் ‘ம்’ என்று சொல்கிறவரிடம் நான் உங்களுக்குப் பாரமா என்று எந்தப் பெண்ணால் போய்க் கேட்க முடியும்?

மாதங்கள் போயின. எந்த நாளில் ஊர் பேச்சை நிறுத்தியது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. மனசில் இருப்பதைக் காரிடம் கொட்டியாயிற்று, அதையே வீட்டில் போய் இன்னொரு தரம் சொல்ல யாருக்கு வாய் வரும்? புருஷன் பெண்டாட்டிக்குச் சொல்ல வேண்டியது காரிடம் போனது, பெண்டாட்டி புருஷனைக் கேட்க வேண்டியதும் காரிடம் போனது, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தார்கள். முத்துப்பேச்சி பாலை ஊற்றிவிட்டுச் சத்தமில்லாமல் போனாள். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம்தான். கீழத்தெருவில் ஒரு கிழவர் செத்தபோது பெண்கள் ஒப்பாரி வைக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள், அடக்கம் முடிந்ததும் ஒவ்வொருத்தியாகக் காரிடம் வந்து தனித்தனியாக அழுதுவிட்டுப் போனார்கள், பாடை போன பாதையில் ஒரு குரல்கூட எழவில்லை.

ஆவுடை பஜாருக்குப் போனால், கத்தரிக்காய் நல்லதா என்றாள், “ம்” என்று வந்தது. பஸ் போயிருச்சா என்றாள், “ம்” என்று வந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் வாயைத் திறக்காமல் மூக்கால் விடுகிற அதே ‘ம்’, கடைக்காரர் முகத்தில், பெண்கள் முகத்தில், ஸ்கூல் விட்டு வருகிற பிள்ளைகள் முகத்தில். செத்த ஒருவர் ஊர் முழுக்க உயிரோடு திரிந்தார், அவளை ஒருவரும் பார்க்கவில்லை. அன்றைக்குக் காய்கறிப் பையோடு நடுரோட்டில் நின்று அவள் பயந்து அழுதாள், போகிறவர்கள் பார்த்துவிட்டு, பிறகு காரிடம் சொல்லலாம் என்று போய்விட்டார்கள்.

சித்திரை பிறந்ததும் திரவியம் வந்தான். பேசி நாளாகிவிட்டதால் குரல் கட்டியிருந்தது.

“மைனி, அட்டை விஷயத்த மைதீன் சொன்னாரு. அடுத்த மாசம் அண்ணனுக்குத் தலைத்திவசம். அதுக்குள்ள அந்த அட்டையையும் டிக்கில கெடக்குத மிச்சக் கட்டையும் எடுத்து ஆத்துல விட்டுறணும். போனவர இப்படிப் பிடிச்சு வச்சுக்கிட்டா அவரும் போக மாட்டாரு, நாமளும் இருக்க மாட்டோம்.” தொண்டையைச் செருமிக்கொண்டான். “என் வீட்டுக்காரி எங்கிட்டப் பேசி மாசக்கணக்காவுது, மைனி. சண்டைகூட இல்ல.”

விஷயம் தெரிந்து ஊர் வந்து வாசலில் நின்றது. நெடுநாளைக்குப் பிறகு மனிதர்கள் மனிதர்களிடம் பேசினார்கள், அதுவும் இந்தச் சண்டைக்காக. “காரை மூடிட்டா நாங்க எங்கம்மா போவோம்?” என்று ஒருவர் கேட்டார். “ஒருத்தர் உயிரோட இருக்கும்போதும் ஒழைச்சாரு, செத்தும் ஒழைக்கணுமா?” என்று திரவியம் கேட்டான். கடைசியில் எல்லோரும் ஆவுடையைப் பார்த்தார்கள். புருஷன் அவளுடையவர், கார் அவளுடையது, அட்டை எடுத்துக் கொடுத்த கையும் அவளுடையது.

“திவசத்தன்னைக்கு எடுத்துருவோம்” என்றாள் ஆவுடை. உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். எடுத்துவிட்டால் பிறகு கேட்க ஆளில்லை. கேட்பதானால் அதற்குள் கேட்க வேண்டும்.

அந்த மாதக் கடைசியில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. மத்தியானக் கொடைக்கு ஊர் மொத்தமும் போய்விட்டது. சாவு விழுந்து வருஷம் திரும்பாத வீட்டார் கோயில் படி மிதிக்கக் கூடாது என்பதால் அந்தத் தெருவில் ஆவுடை மட்டும் இருந்தாள். தூரத்தில் மேளம் கேட்டது, வெயில் தெருவில் உருகிக் கிடந்தது, கோழிகூட இல்லை. அவள் தலையை வாரி முடிந்துகொண்டு, வாசல் கதவைத் திறந்து, அத்தனை மாதம் ஊரார் குத்தவைத்த இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

“நான்தான்” என்றாள்.

தட்டில் ஒரு சொட்டு விழுந்தது. “ம்.”

அழக் கூடாது என்று வந்தவளுக்கு அந்த ஒரு சொட்டிலேயே கண் நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் எதையெதையோ பேசினாள். கொல்லையில் முருங்கை முறிந்து விழுந்ததைச் சொன்னாள், ‘ம்’ வந்தது. அவர் வேட்டிகளை யாருக்கும் கொடுக்காமல் மடித்து வைத்திருப்பதைச் சொன்னாள், ‘ம்’ வந்தது. மேளம் ஒரு சுற்று ஓய்ந்த இடத்தில் கேட்டாள்:

“அன்னைக்கு நான் சொன்னது உங்க காதுல விழுந்துச்சா?”

“ம்.”

விழுந்திருக்கிறது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஆவுடை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். இதற்கு மேல் கேட்காமல் எழுந்து போய்விடலாம், யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் முள் அவளுடையது, எடுக்காமல் அதோடுதான் சாக வேண்டும்.

“அப்படின்னா சொல்லுங்க. நான் இல்லாம இருந்திருந்தாதான் உங்களுக்கு நிம்மதியா?”

என்ஜினின் விலாவிலிருந்து கறுப்பாக ஒன்று இறங்கி வந்தது. கீழே வந்து திரண்டது, உருண்டது, கனத்தது, விழப் போகிற ஒவ்வொரு சொட்டும் நீள்கிற மாதிரி நீண்டது. ஆவுடை கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். சொட்டு தொங்கிக்கொண்டிருந்தது. நடுங்கியது, பிடித்துக்கொண்டது, மறுபடியும் நடுங்கியது, விழவில்லை. மத்தியானக் கொடை முடிந்து, ஊர் பிரசாதத்தோடு திரும்பி வந்து, ஆவுடை மண்ணில் குப்புறப் படுத்துக் காருக்கடியில் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டபோதும் அது அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

வாழ்நாளில் ஒரு தடவைகூட இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன். சொல்லத் தெரியாததால் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு அந்தக் கார் யாருக்கும் ‘ம்’ கொட்டவில்லை. ஊர் வந்து பேசிப் பார்த்தது, கெஞ்சிப் பார்த்தது, ஆயில் ஊற்றிப் பார்த்தது. மைதீன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “இத்தன வருஷத்துல இப்படி ஒரு சொட்டு நான் பாத்ததில்ல, காத்தடிச்சாக்கூட விழ மாட்டேங்கு” என்றார். “என்ன மைனி கேட்டீங்க?” என்றான் திரவியம், அவள் சொல்லவில்லை. அவளுக்கு அந்த நாட்களில் சந்தோஷமும் வேதனையும் ஒரே வாயில் சோறு உண்டன. விடை கிடைத்துவிட்டது, அவள் பாரமாக இருக்கவில்லை. ஆனால் அந்த விடையைச் சொல்வதற்காக அவர் வெயிலிலும் காற்றிலும் தொங்கிக்கொண்டிருந்தார், போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல். அவள் ராத்திரி படுத்தால் தன் மார்பில் அந்தக் கனம் தொங்குவதாக இருந்தது.

தலைத்திவசத்தன்று காலையில் திரவியம் மதுரையிலிருந்து வந்த புதுப் பேக்கிங்கைக் கொண்டுவந்தான். மைதீன் சாமான் பையோடு வந்தார். தெருவே வந்து நின்றது. மைதீன் ஸ்பேனரை எடுத்ததும் ஆவுடை, “ஒரு நிமிசம், அண்ணாச்சி” என்றாள்.

அவள் காரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நொச்சிக்குளத்தில் யாரும் யாரையும் வெறுமனே போ என்று அனுப்புவதில்லை. கடன் கேட்டு வந்தவனைக்கூட, சண்டை போட்டவனைக்கூடப் போயிட்டு வா என்றுதான் சொல்வார்கள். வா என்ற சொல் இல்லாமல் வாசலை விட்டு அனுப்புவது ஒரே ஒருவரைத்தான், பாடையில் போகிறவரை. போன வருஷம் அவர் பாடை கிளம்பியபோது ஆவுடை கதவுக்குப் பின்னால் நின்று, பழக்க தோஷத்தில், போயிட்டு வாங்க என்று வாய்க்குள் சொல்லியிருந்தாள். யாருக்கும் தெரியாது.

“எனக்குத் தெரிஞ்சு போச்சு” என்றாள் தாழ்ந்த குரலில். “நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம். பிடிச்சுக்கிட்டு நிக்கவேண்டாம்.” இரண்டு தடவை வாய் திறந்து மூடினாள். வா என்ற சொல் தானாக ஓடி வந்தது, அதைப் பல்லால் கடித்து நிறுத்தினாள்.

“போங்க.”

சொட்டு விழுந்தது. தெருவில் நின்ற அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது.

“ம்.”

ஆவுடை உட்கார்ந்த இடத்திலேயே சரிந்து அழுதாள், தட்டைக் கவிழ்த்துவிட்டு, ஆயிலில் கை ஊன்றி, கொடையன்று அடக்கியதையும் சேர்த்துக் குரலெடுத்து அழுதாள். நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். போய்ச் சொல்லிக்கொள்ள இனிக் கார் இல்லை என்பது மெதுவாகத்தான் அவர்களுக்கு உறைத்தது. யாராவது ஏதாவது பேச வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் முத்துப்பேச்சிதான் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டாள்.

“எந்திரிங்க, யக்கா” என்றாள். “சேலையெல்லாம் ஆயிலு.”